சர்பதி அண்ணி வாய் திறக்காத நாள்

ரோத்தக்கில் இறங்கி ரிசால் சிங் பட்டறை என்று கேளுங்கள், குருடன்கூட வழி காட்டுவான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த ஜில்லாவில் கதிரடிக்கும் இயந்திரத்தைச் சொந்தக் கையால் செய்து ஓடவிட்ட முதல் ஆள் நான்தான். இன்ஜினியர் படித்த நான்கு பேர் இன்று என்னிடம் வேலை பார்க்கிறார்கள். மல்யுத்தக் குழியில் என் முதுகில் மண் ஒட்டியதைப் பார்த்தவன் எவனும் உயிரோடு இல்லை, ஏனென்றால் ஒட்டியதே இல்லை.

அப்படிப்பட்ட நான் பன்னிரண்டு நாள் பயந்து செத்தேன். 1957இல், ஹோலி முடிந்த கையோடு. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. என் அண்ணி சர்பதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பன்னிரண்டு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. எனக்குப் புதிர் போட்டு எழுதத் தெரியாது. எனக்குப் பிற்பாடு தெரியவந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பூரண்கேடா. நான் பிறந்தபோது அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அதே மாதத்தில் வீட்டு மருமகளுக்கும் பிரசவம். மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் வீட்டில் மாமியாரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தால் எங்கள் பக்கம் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அம்மா அந்த ஆறு மாதமும் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கே போகவில்லை. நான் பிறந்தேன், அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. ஆட்டுப்பால் கொடுத்தார்கள், கக்கிவிட்டேன். அண்ணி என்னை வாங்கிக்கொண்டாள்.

அண்ணிக்கு அப்போது வயது பதினைந்து. மடியில் அவளுடைய மகள் மிஸ்ரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவுதான் சுரக்கும்? நான் ஆண்பிள்ளை, முதலில் எனக்கு. மிச்சம் மிஸ்ரிக்கு. எட்டாம் மாதம் மிஸ்ரி போய்ச் சேர்ந்தாள்.

அம்மா நடுங்கிப்போனாள். தன் பிள்ளையைக் காப்பாற்றப் பேத்தியைப் பட்டினி போட்டாள் என்று ஊர் பேசும். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, அதில் ஒரு பிடி உப்பைப் போட்டு, அண்ணியின் கையை அதன்மேல் வைத்தாள். "இவன் ஒங்கிட்ட பால் குடிச்சது ஒன் வாயிலேர்ந்து வரக் கூடாது. வந்துச்சுன்னா இந்த உப்பு கரையற மாதிரி ஒனக்கு இனிமே பொறக்கற பிள்ள கரையணும். சொல்லு." அண்ணி சொன்னாள். உப்புச் சொம்புச் சத்தியத்தை எங்கள் ஊரில் கோர்ட்டுச் சத்தியத்தைவிடப் பெரிதாக நினைப்போம்.

ஒன்பது வருஷம் கழித்து அண்ணிக்குச் சந்த்ரோ பிறந்தாள். அவளுக்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. நான் சொல்லும் வருஷம் சந்த்ரோவுக்குப் பத்து வயது. அந்தத் தை மாதம் என் அண்ணன் மாங்கே ராம் கிணறு தோண்டும்போது மண் சரிந்து உள்ளேயே அடங்கிப்போனான்.

நாற்பது நாள் கழிந்ததும் தாவூ வந்தார். தாவூ என்றால் அப்பாவின் அண்ணன், பெரியப்பா. பெயர் ஜுக்தி ராம். எங்கள் அப்பா முன்பே காலமாகிவிட்டதால் வீட்டுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். கட்டிலில் உட்கார்ந்து ஹூக்காவை இரண்டு இழுப்பு இழுத்தார். கூடவே சிவதத் பண்டிதரும் வந்திருந்தார்.

"ரிசாலு, ஹோலி போகட்டும். பன்னெண்டாம் நாள் போர்வைய வச்சுக்கலாம்" என்றார் தாவூ.

எங்கள் சாதியில் புருஷன் செத்தால் அவன் தம்பியையும் விதவையையும் பக்கத்தில் உட்காரவைத்து, சொந்தபந்தம் பார்க்க ஒரு வெள்ளைப் போர்வையை இருவர் தலைமேலும் போடுவார்கள். தம்பி அவள் கையில் வளையல் மாட்டுவான். வெல்லம் கொடுப்பார்கள். முடிந்தது கல்யாணம்.

"தாவூ, அவங்க என்னயத் தூக்கி வளத்தவங்க."

"எல்லா அண்ணியுந்தான் கொழுந்தனத் தூக்குறா. நீ என்ன சீமராசாவா, பதினாறு வயசுப் பொண்ணு கேக்குதோ?"

"அதுக்கில்ல தாவூ..."

"எதுக்கில்ல? டில்லிக்காரன் போன வருசம் சட்டம் போட்டுட்டான். விதவைக்கும் நெலத்துல பங்காம். நாளைக்கே அவ அண்ணனுங்க வண்டி பூட்டிக்கிட்டு வருவானுங்க. அவளோட நெலமும் வண்டியேறிப் போயிரும். ஒங்கண்ணன் உசிர விட்ட கெணத்துல எவனோ தண்ணி எறைப்பான். பாத்துக்கிட்டு நிப்பியா?"

பண்டிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கள் பாஷையில் கொழுந்தனைத் தேவர் என்போம். சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "அந்த வார்த்தையிலயே இருக்கே தம்பி. தேவர்னா ரெண்டாவது வரன். பழைய சாஸ்திரத்துல பிரிச்சு எழுதி வச்சிருக்கான். பொறந்தப்பவே ஒனக்கு எழுதினது. இதுல வெக்கம் என்ன?"

அம்மா மூலையில் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பருப்பில் கல் பொறுக்கினாள். புருஷனின் அண்ணன் எதிரில் பெண்கள் முகம் காட்டுவதில்லை, பேசுவதும் இல்லை. நாற்பது வருஷமாக அம்மா தாவூவிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பொறுக்கின கல்லையெல்லாம் மறுபடி பருப்புக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன், எனக்குப் புரியவில்லை.

அண்ணிக்கு மூன்று வழிதான். வேண்டாம் என்று பிறந்த வீட்டுக்குப் போகலாம், ஆனால் சந்த்ரோ எங்கள் குடும்பத்துப் பெண், இங்கேயேதான் இருப்பாள் என்று தாவூ கறாராகச் சொல்லிவிட்டார். பால் கொடுத்த கதையைச் சொல்லலாம், சொன்னால் உப்பு சந்த்ரோவைக் கரைக்கும். இரண்டும் இல்லையென்றால், தன் மடியில் கிடந்து பால் குடித்தவனோடு போர்வைக்கடியில் உட்கார வேண்டும்.

ஹோலிக்கு எங்கள் ஊரில் அண்ணிமார் துணியை முறுக்கிச் சாட்டையாக்கிக் கொழுந்தன்மாரை விளாசுவார்கள். நாங்கள் தடியால் தடுப்போம், தண்ணீரை வாரி ஊற்றுவோம். வருஷத்தில் அந்த ஒரு நாள் பெண்களுக்கு எங்கள்மேல் எல்லா உரிமையும் உண்டு. கெட்ட வார்த்தை உட்பட. சர்பதி அண்ணி ஒரு வருஷம்கூட என்னை அடித்ததில்லை. சாட்டையை எடுத்துக்கொண்டு வருவாள், என் எதிரில் வந்ததும் கை தொங்கிவிடும். என் உடம்பைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

அந்த வருஷம் துக்க வீடு, ஹோலி இல்லை. அடுத்த வீட்டு அத்தர் கவுர் மட்டும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அண்ணியிடம் சொன்னாள்: "என்னடி சர்பதி, அடுத்த ஹோலிக்கு யார அடிப்ப? கொழுந்தன் புருசனாயிருவான். இப்பவே வந்து நாலு போடு, கணக்குத் தீரட்டும்!"

அண்ணி சிரிக்கவில்லை. சாணி தட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குள் போய் வாந்தி எடுத்தாள்.

அன்றிலிருந்து நான் வீட்டில் சாப்பிடவில்லை. வயலிலேயே கிடந்தேன். பட்டாளத்தில் சேர்ந்துவிடலாம் என்று ரோத்தக்வரை போய்த் திரும்பி வந்தேன். நான் ஓடிப்போனால் அடுத்தது தாவூவின் மூத்த மகன் ஹுகம் சிங், பெண்டாட்டியைக் கொதிக்கும் கரும்புச்சாற்றில் தள்ளினவன் என்று பேர் வாங்கியவன். அவனும் அண்ணிக்குக் கொழுந்தன் முறைதான். அதுதான் என்னைத் திருப்பி இழுத்துவந்தது.

நான்காம் நாள் மாஸ்டர்ஜி வந்தார். மதன்லால் சோப்தி என்று பேர். லாகூரிலிருந்து ஒற்றைச் சட்டையோடு ஓடிவந்தவர், கல்லூரி வாத்தியார். ஊர் ஊராகப் போய் உறவுச் சொற்களை எழுதிக்கொள்வது அவர் வேலை. ஊர்ச் சாவடியில் தங்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார். மாமன் பெண்டாட்டியை என்னவென்று கூப்பிடுவீர்கள், நாத்தனார் புருஷனை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் வீட்டு முற்றத்தில் பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அண்ணி சுவருக்குப் பின்னால் திரிகை அரைத்துக்கொண்டிருந்தாள்.

"புருஷனோட தம்பி?"

"தேவர். இந்தா நிக்குறான் பாருங்க, இன்னும் எட்டு நாளுக்கு மட்டும்" என்றாள் அத்தர் கவுர். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

மாஸ்டர்ஜி எழுதிக்கொண்டே தாளைத் திருப்பினார். "சரி. பெத்த தாய்க்குப் பால் இல்லாம வேற ஒருத்தி பால் குடுத்து வளத்தா, அந்தக் கொழந்தை அவள என்னன்னு கூப்பிடும்?"

திரிகைச் சத்தம் நின்றது. அம்மாவின் கையிலிருந்த பித்தளைத் தட்டு தரையில் விழுந்து உருண்டு என் காலடியில் வந்து அடங்கியது.

"அப்படி யாரும் இங்க இல்ல!" என்று அம்மா கத்தினாள். "எழுந்து போய்யா. துக்க வீட்டுல வந்து பால் மோருன்னு கேட்டுக்கிட்டு. போ!"

மாஸ்டர்ஜி பதறிப்போய் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு கிலியை நான் பார்த்ததில்லை. அண்ணன் பிணத்தைக் கிணற்றிலிருந்து எடுத்தபோதுகூட இல்லை. எதற்கு இந்தப் பயம் என்று கேட்க எனக்குப் பயம்.

மறுநாள் மத்தியானம் அண்ணி தீவனக் கட்டோடு வயலுக்கு வந்தாள். திரைக்குள்ளிருந்து சொன்னாள்: "அந்த மாஸ்டர்ஜியக் கூட்டிட்டு வா. ஒண்ணு கேக்கணும்."

கூட்டிவந்தேன். அவள் கரும்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எங்கோ பார்த்துக் கேட்டாள்.

"பண்டிதரு தேவர்னா ரெண்டாவது வரன்னு சொல்றாரே. அந்த வார்த்தை பொறந்தப்பவே அப்படித்தானா?"

மாஸ்டர்ஜி வரப்பில் உட்கார்ந்தார். கேள்வி எங்கிருந்து வருகிறதென்று அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன், குரலைத் தணித்துக்கொண்டார்.

"அப்படிப் பழைய புஸ்தகத்துல ஒரு வெளக்கம் இருக்கு அக்கா, இல்லேங்கல. ஆனா அது சத்தத்த வச்சுப் பின்னால கட்டுனது. இந்த வார்த்தை நம்ம ஊருது மட்டும் இல்ல. ரஷ்யாக்காரன் தேவெர்ங்கறான். லித்துவேனியான்னு குளிர் தேசம், அங்க தியேவெரிஸ். ஆர்மேனியாவுல தாக்ர். கிரேக்கன் தாஏர்னான், ரோமாபுரிக்காரன் லேவிர்னான். எல்லாம் ஒரே வீட்டுலேர்ந்து பிரிஞ்சு போன பங்காளிங்க. அஞ்சாறாயிரம் வருசத்துக்கு முன்னாடி மாடு மேய்ச்சு வண்டியோட்டுன ஜனம். அவங்க பேசுனது இந்த வார்த்தை. அத்தனை ஊருலயும் அதுக்குப் புருஷனோட சகோதரன்னுதான் அர்த்தம். ரெண்டாவது புருஷன்னு எங்கயும் இல்ல."

"அதுக்கும் முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி தெரியல. யாருக்கும் தெரியாது."

அண்ணி ஒரு கரும்புத் தோகையைக் கிழித்தாள். பிறகு, "அந்த ஊருங்கள்ல போர்வை போடறதில்லையா?" என்றாள்.

மாஸ்டர்ஜி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சில ஜனங்கள்ட்ட இருந்திருக்கு அக்கா. படிச்சவங்க அந்த வழக்கத்துக்கே ரோமாபுரிச் சொல்லிலேர்ந்துதான் பேரு வச்சிருக்காங்க."

அண்ணியின் தோள் கீழே இறங்கியது. பங்காளிகள் எங்கெங்கோ போனார்கள், கூடவே இதையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். தீவனக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கப் போனேன். என் கை பட்டதும் உதறினாள். "தொடாத." பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

மாஸ்டர்ஜி நல்ல மனுஷன். சாவடியில் தாவூவிடமே இதைப் பேசிப் பார்த்தார். தாவூ கேட்டுவிட்டு, "ரஷ்யாக்காரி வந்து எங்க கரும்ப வெட்டுவாளா மாஸ்டர்?" என்றார். சாவடியே சிரித்தது. மாஸ்டர்ஜி மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். எனக்கு இருந்த ஒரே நூலும் அறுந்தது. இரண்டு மணங்கு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன், அன்று ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் வந்தது. காலை வெயில். எங்கள் முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தாம்பாளத்தில் வெல்லம், பச்சை வளையல். என்னைப் பலகையில் உட்காரவைத்தார்கள். அண்ணியைக் கூட்டிவந்து என் இடப்பக்கம் உட்காரவைத்தார்கள். சந்த்ரோ தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான்கு பேர் போர்வையின் நான்கு மூலையைப் பிடித்து எங்கள் தலைக்கு மேலே விரித்தார்கள். வெயில் மறைந்தது. பண்டிதர் வளையலை என் கையில் கொடுத்தார். அது நழுவி விழுந்தது. மறுபடி கொடுத்தார்.

"போடுறா, முகூர்த்தம் போகுது" என்றார் தாவூ.

அண்ணியின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அந்தக் கையால் என் பிடரியைப் பிடித்தாள். ஜில்லாவில் எவனும் சாய்க்காத என்னை ஒரே இழுப்பில் மடியில் சாய்த்தாள். என் தலை அவள் முழங்கை மடிப்பில் விழுந்தது. தன் முந்தானைத் தலைப்பை இழுத்து என் முகத்தை மூடினாள். துணிக்கடியில் இருட்டு. அவள் கை என் முதுகில் மூன்று தட்டு தட்டி, ஒரு தடவு தடவியது. மறுபடி மூன்று தட்டு, ஒரு தடவு. வாயைத் திறக்கவில்லை. ஒரு சத்தம் இல்லை.

யாரோ ஒரு பயல் இளித்தான். "பாருடா, அதுக்குள்ள அவசரத்த!"

"வாய மூடுறா!" அது ஊர் மருத்துவச்சி பத்தேரிக் கிழவி. "கண்ணு அவிஞ்சு போச்சா ஒங்களுக்கு? அவ பால் குடுக்குறாடா. புள்ளைக்குப் பால் குடுக்குற மாதிரி மூடியிருக்காடா!"

பெண்கள் பக்கம் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அந்தத் தட்டல் என் முதுகுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாதது என் முதுகுக்கு எப்படித் தெரியும்? அந்தத் துணிக்கடியில் மாஸ்டர்ஜியின் கேள்வி, விழுந்த தட்டு, அடிக்காத சாட்டை எல்லாம் ஒன்றாக வந்து என்மேல் விழுந்தன.

"என்ன கூத்து இது? தூக்குங்கடா அவன" என்று தாவூ எழுந்தார்.

"தொடாதீங்க."

அந்தக் குரல் யாருடையது என்று தாவூவுக்கு முதலில் தெரியவில்லை. நாற்பது வருஷமாக அவர் கேட்டதே இல்லையே. அம்மா திரையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு நடுமுற்றத்தில் நின்றாள். புருஷனின் அண்ணன் முகத்துக்கு நேரே நரைத்த தலையோடு நின்றாள்.

"போர்வைய எறக்குங்க. எனக்குப் பால் இல்ல. இவதான் குடுத்தா. என் பேத்திக்கு உள்ளத எம் பிள்ளைக்குக் குடுக்க வச்சேன். மிஸ்ரி என்னாலதான் செத்தா. ஊரு காறித் துப்பும்னு இவ வாயக் கட்டிப் போட்டேன். துப்புங்க. இப்பத் துப்புங்க."

யாரும் துப்பவில்லை. போர்வை பிடித்திருந்த நான்கு பேரும் அதைக் கீழே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். தாவூ அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பி, செருப்பைத் தேடினார். பண்டிதர் வெல்லத் தாம்பாளத்தைத் துணி போட்டு மூடினார்.

அண்ணி எழுந்து ஓடிப்போய்ச் சந்த்ரோவைக் கட்டிக்கொண்டாள். "நான் பேசல. நான் ஒண்ணும் பேசல. எல்லாரும் பாத்தீங்கல்ல, நான் வாயத் தெறக்கல" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். போர்வை விலகிவிட்டது, உப்பு விலகவில்லை.

அம்மா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் கொண்டுவந்தாள். எல்லாரும் பார்க்க அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "சத்தியம் வாங்குனவ நான். கரையறதா இருந்தா நான் கரையறேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளாடிப்போய் அங்கேயே உட்கார்ந்தாள்.

அதோடு பயம் போயிற்று என்று நினைக்காதீர்கள். அந்த மழைக்காலத்தில் சந்த்ரோவுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். மருந்து வாங்க நான் ரோத்தக்குக்கு ஓடுவேன், திரும்பி வரும்போது தெருமுனையில் நின்று அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். அண்ணி குழந்தையின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. பன்னிரண்டாம் நாள் காலையில் சந்த்ரோ ரொட்டியும் மோரும் கேட்டாள். இப்போது அவளுக்குக் கொள்ளுப் பேரன் இருக்கிறான். என் இயந்திரத்தைக் குறை சொல்ல இந்த ஜில்லாவில் தைரியமுள்ள ஒரே ஆள் அவள்தான்.

அண்ணனின் நிலம் அண்ணி பேரிலேயே இருந்தது. அவள் எங்கேயும் போகவில்லை. தாவூ அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. என் முதல் இயந்திரம் ஓடிய அன்று சக்கரத்துக்குக் குங்குமம் வைத்தவள் அண்ணி. எழுபத்தொன்பது வயதுவரை இருந்தாள்.

ஒரே ஒரு தடவை, என் கல்யாணத்துக்கு முன்பு, அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது கேட்டேன். "இனிமே ஒங்கள அம்மான்னே கூப்பிடறேனே?"

கலக்கிய கை நின்றது. "வேணாம் ரிசாலு. அந்த வார்த்தையக் கத்துக்கறதுக்குள்ள போயிட்டா ஒருத்தி. அது அவளோடது. நீ அண்ணின்னே கூப்பிடு."

கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன். மாஸ்டர்ஜி வருஷங்கள் கழித்து ஒரு கார்டு போட்டிருந்தார். தன் பட்டியலில் பூரண்கேடாவுக்கு நேரே ஒரு கட்டம் நிரம்பாமல் கிடக்கிறது, பால் கொடுத்தவளை உங்கள் ஊரில் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று. எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. அண்ணியிடம் காட்டினேன். "ஒண்ணும் எழுதாத. அப்படியே கெடக்கட்டும்" என்றாள். நானும் எழுதவில்லை.

எனக்கு இப்போது எண்பத்தாறு நடக்கிறது. இன்றைக்கும் என் வீட்டில் தண்ணீர்ச் சொம்பின் பக்கத்தில் உப்பு ஜாடி இருந்தால், யார் சிரித்தாலும் சரி, எழுந்து போய் அதைத் தூர எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.